டேபிள் மேல வேலை செஞ்சா போதுமா?

ஃபைனல் இயர் மக்களே, உங்க ப்ராஜெக்ட்டை ஒரு தடவையாவது கீழே போட்டுப் பார்த்திருக்கீங்களா?

நான் பார்க்கல. நெட்டுக்குப்பத்துல சித்தப்பாவோட ஃபைபர் படகு, முகத்துவாரத்துக் கல்லை நெருங்கினா பஸ்ஸர் அடிக்கிற மாதிரி ஒரு சென்சார் செஞ்சேன். லேப்ல சூப்பரா வேலை செஞ்சுது, முதல் ரிவ்யூல நல்ல மார்க். படகுல இன்ஜினைப் போட்ட ரெண்டாவது நிமிஷம் ஜம்பர் வயர் கழண்டுடுச்சு. "கரையில நல்லாத்தானேடா இருந்துச்சு?"ன்னு சித்தப்பா கேட்டார். என்கிட்ட பதில் இல்ல.

அந்தக் கடுப்புல தேடிப் படிச்சப்ப கிடைச்சதுதான் ப்ராக்ஸிமிட்டி ஃபியூஸ். இதுவும் "கிட்ட வந்துட்டேனா?"ன்னு பார்க்கிற கருவிதான். ஆனா இருக்கிற இடம் பீரங்கிக் குண்டோட மூக்கு.

1942 ஏப்ரல் 5-ல கொழும்பு, 9-ல திருகோணமலை. ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை ஐச்சி டி3ஏ விமானங்கள் மூழ்கடித்தன. அடுத்தது நாமதான்னு பயந்து மெட்ராஸ்ல ஜனங்க கூட்டம் கூட்டமா ஊரைக் காலி செஞ்சாங்க. அப்போ விமானத்தைச் சுட்ட பெரிய பீரங்கிகளுக்கு டைம் ஃபியூஸ்தான். விமானம் எங்க இருக்கும்னு கணக்குப் போட்டு, இத்தனை நொடியில வெடின்னு முன்கூட்டியே செட் பண்ணணும். குண்டு நொடிக்கு 790 மீட்டர்ல கிளம்புது. கணக்கு 0.1 நொடி தப்பினாலே கிட்டத்தட்ட 80 மீட்டர் தள்ளி வெடிக்கும்.

புது ஃபியூஸ் கணக்கைக் குண்டு கிட்டயே விட்டுடுச்சு. மூக்குல ஒரு குட்டி ரேடியோ அலையை அனுப்பிட்டே போகும். குண்டோட உலோக உடம்பே ஆன்டெனா. விமானத்துல பட்டுத் திரும்பற அலையோட அதிர்வெண் கொஞ்சம் மாறியிருக்கும். எண்ணூர் ஸ்டேஷன்ல நிக்காமப் போற எக்ஸ்பிரஸ் ஹாரன் நம்மைத் தாண்டும்போது சுருதி இறங்குமே, அதே டாப்ளர்தான். போற அலையும் வர்ற அலையும் கலந்தா ஒரு துடிப்பு கிடைக்கும். கிட்ட போகப் போக அது பலமாகும், ஒரு அளவைத் தாண்டினா வெடி.

இவ்வளவுதான் ஐடியா. நம்ம செமஸ்டர் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி. ஐடியா பிரிட்டன்காரங்களோடது, 1940-ல அமெரிக்காவுக்குக் கொடுத்தாங்க. நிஜமான வேலை அதுக்கு அப்புறம்தான். பீரங்கியில இருந்து கிளம்பும்போது ஒவ்வொரு பாகத்தோட எடையும் சுமார் 20,000 மடங்கு ஆகுது. கூடவே நொடிக்கு 200 சுற்று சுழற்சி. உள்ள இருக்கிறதோ கண்ணாடி வேக்குவம் ட்யூப்! மெர்ல் டியூவ் குழு காது மெஷின் ட்யூபை எடுத்து, குண்டுல வெச்சுச் சுட்டு, மண்ணைத் தோண்டி எடுத்து, எது உடைஞ்சுதுன்னு பார்த்து, மறுபடி செஞ்சு, மறுபடி சுட்டாங்க. பின்னாடி கதிர்வீச்சுப் பட்டைக்குப் பேர் கொடுத்த ஜேம்ஸ் வான் ஆலன் கூட இந்த ட்யூபை உடையாமப் பண்ற வேலையிலதான் இருந்தார். பேட்டரி எனக்கு ரொம்பப் பிடிச்சுது: சுடற அதிர்ச்சியில அமிலக் குப்பி உடையும், சுழற்சியில அமிலம் பரவும், அப்பதான் கரண்டே வரும். நம்மை உடைக்கிற அதிர்ச்சியையே சுவிட்சா மாத்திட்டாங்க.

1943 ஜனவரி 5, பசிபிக்ல ஹெலினா என்ற அமெரிக்கக் கப்பல் இந்த ஃபியூஸால முதல் விமானத்தை வீழ்த்தியது. அதுவும் ஐச்சி டி3ஏ. ஹெர்மிஸ் மூழ்கி ஒன்பதே மாசம். (கொல்ற கருவியை இப்படி ரசிக்கலாமான்னு எனக்கும் உறுத்துது. ரசிச்சது அந்த ட்யூபைத்தான்.)

"நமக்கு எதுக்கு இதெல்லாம், ப்ரோட்டோடைப் தானே"ன்னு கேப்பீங்க. ப்ரோட்டோடைப் சரி, ஆனா ரிவ்யூல நம்ம கிட்ட யாரும் கேக்கறது ஃபார்முலா, பிபிடி, பிளாக் டயகிராம் மட்டும்தான். ரெண்டாவது ரிவ்யூல ஒரு மீட்டர் உயரத்துல இருந்து போட்டு, மறுபடி ஆன் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. அதுக்குப் பத்து மார்க் வைங்க. பாதி ப்ராஜெக்ட் அன்னிக்கே செத்துடும், என்னுதும் சேர்த்து.

பிரெட்போர்டைத் தூக்கிப் போட்டாச்சு. சால்டர் பண்ணி, டப்பாவுல அடைச்சு எபாக்ஸி ஊத்தியிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலையில சித்தப்பா படகுல மறுபடி ஏத்தறேன். வர்றவங்க அஞ்சு மணிக்கே நெட்டுக்குப்பம் வந்துடுங்க, அவர் காத்திருக்க மாட்டார்.