கடற்சுவர் மட்டாஞ்சேரியைக் காக்காது

கடல்மட்ட உயர்வைக் கொச்சி எதிர்கொள்ளக் கரை நெடுகச் சுவர் எழுப்பினால் போதும் என்னும் வாதம், நீர் எந்த வாசல் வழியாக வருகிறது என்பதையே பாராமல் எழுந்தது. கொச்சியின் தெற்கே கடலோரச் செல்லானத்தில் 344 கோடி ரூபாய்த் திட்டத்தின்கீழ், டெட்ராபாட் எனப்படும் நான்கு கால் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு எழுப்பிய அரண் அங்குள்ள மீனவர் குடும்பங்களுக்குப் பெரும் ஆறுதல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு வடக்கே, கண்ணமாலியில், அலைகள் அதன் பின்னும் வீடுகளுக்குள் புகுந்தன.

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியின் நிலையோ முற்றிலும் வேறு. அது அரபிக்கடலை அல்ல, கிழக்கே வெல்லிங்டன் தீவை நோக்கிய காயலைப் பார்த்து நிற்கிறது. ஓதம், அதாவது நிலவு, சூரியன் ஆகியவற்றின் ஈர்ப்பால் நாள்தோறும் ஏறி இறங்கும் கடல்நீர், துறைமுக வாய் வழியாகக் காயலுக்குள் ஏறி, கல்வத்தி, ராமேஸ்வரம் கால்வாய்களில் பின்னோக்கிப் பாய்கிறது. அவ்வேளையில் மழையும் கொட்டினால், வடிகால்களின் வாய் ஓதநீரில் மூழ்கிவிடுவதால், தெருநீர் வெளியேற வழியின்றித் தாழ்ந்த வீடுகளுக்குள் ஏறுகிறது. மேற்குக் கரையில் எத்தனை உயரச் சுவர் நின்றாலும் இந்த நீரைத் தடுக்காது.

செய்ய வேண்டியது கண்ணுக்குப் புலப்படாத வேலை: கால்வாய்களை ஆண்டுதோறும் தூர்வாருதல், கழிவுநீர் அவற்றில் கலப்பதை நிறுத்துதல், ஓதம் ஏறும்போது மூடி இறங்கும்போது திறக்கும் மதகுகளை அமைத்தல், உவர்நீரைத் தாங்கி வளரும் நெல்லுக்கும் இறாலுக்கும் இடமளித்து ஓதநீரையும் ஏந்திக்கொள்ளும் பொக்காளி வயல்களை மண் கொட்டி மூடாதிருத்தல். திறப்புவிழாவுக்கு உதவாத இப்பணிகளுக்கே கொச்சி மாநகராட்சியும் கேரள அரசும் முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.