சிவப்பு எழுத்தைப் படிக்காதவரின் குற்றப்பத்திரிகை

பைத்தான் மொழியின் எண்கணக்கு லைப்ரரியான நம்பையின் 2.0 பதிப்பு வெளிவந்ததும் தன் நிரல்கள் நின்றுபோனதை வைத்து, திறமூல மென்பொருள் உலகம் முழுவதற்கும் ஒரு குற்றப்பத்திரிகை எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். சாரம் மூன்றே வரிதான். பொறுப்பற்ற தன்னார்வலர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் இப்படி நடக்காது. ஆகவே பழைய பதிப்பைப் பூட்டி வைத்துவிட்டு, இனி எதையும் புதுப்பிக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். மூன்றுமே தவறு. முதல் இரண்டும் விசாரிக்காமல் எழுதியதால் வந்த தவறுகள். மூன்றாவது, அவரை நம்பி அதைச் செய்பவரையும் மாட்டிவிடும்.

முதலில் முன்னறிவிப்பைப் பார்ப்போம். நம்பை 1.0 வந்தது 2006-ல். அடுத்த பெரிய பதிப்பான 2.0 வந்தது 2024 ஜூன் 16-ல். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளாகப் பழைய உள்கட்டமைப்பைப் பெரும்பாலும் உடைக்காமல் காப்பாற்றி வந்தார்கள் அதை உருவாக்குபவர்கள். கடைசியில் உடைக்க முடிவெடுத்தபோது அதை ரகசியமாகச் செய்யவில்லை. என்ன மாறும், ஏன் மாறும் என்பதை முன்மொழிவு ஆவணங்களாகவே எழுதி வைத்தார்கள். சோதனைப் பதிப்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் நம்பையின் மேல் கட்டப்பட்ட லைப்ரரிகளான சைபை 1.13, பாண்டாஸ் 2.2.2 இரண்டும் ஏப்ரலிலேயே புதிய நம்பைக்குத் தயாராகி வெளிவந்தன. சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் தெரிந்திருந்த ஒன்று தனக்குத் தெரியவில்லை என்பதைத்தான் கட்டுரையாளர் ‘முன்னறிவிப்பு இல்லை’ என்று எழுதுகிறார்.

அடுத்து, அவர் முன்னிறுத்தும் சாட்சிகள். நான்கு எரர்களை வரிசையாக எடுத்துப்போட்டு, பார்த்தீர்களா இந்தக் கூத்தை என்று கேட்கிறார். பார்த்தோம். அவர்தான் பார்க்கவில்லை.

முதல் எரர், நம்பை 1.x கொண்டு கம்பைல் செய்த மாட்யூலை 2.0-வில் ஓட்ட முடியாது என்கிறது. இரண்டாவது, டிடைப்பின் (தரவு வகையின்) அளவு மாறிவிட்டது, 96 எதிர்பார்த்தேன், 88 கிடைத்தது என்கிறது. இவற்றை இரண்டு தனித்தனிக் குற்றங்களாக எண்ணியிருக்கிறார். இரண்டும் ஒன்றே. பாண்டாஸ் போன்ற லைப்ரரிகளின் உள்ளே சி மொழியில் கம்பைல் ஆன பகுதிகள் உண்டு. நம்பையின் தரவு வகை நினைவகத்தில் எத்தனை பைட் இடம் பிடிக்கும், அதில் எந்தத் தகவல் எங்கே இருக்கும் என்பது கம்பைல் ஆகும்போதே அந்தப் பகுதிக்குள் பதிந்துவிடும். 1.x-ல் அந்த அமைப்பின் அளவு 96 பைட். 2.0-வில் அதைத் திருத்தி அமைத்ததில் 88 ஆனது. பழைய கணக்கோடு வந்த பகுதி அப்படியே ஓடினால் தவறான இடத்திலிருந்து தகவலை எடுக்கும். அப்படி நடப்பதற்கு முன்பே நிறுத்திவிடுகிறது அந்த எரர். தப்பான விடையைத் தருவதற்குப் பதில் வேலையை நிறுத்தியதற்காக ஒரு மென்பொருளைத் திட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்றாவது சாட்சி இன்னும் மோசம். நம்பையில் ‘ஃப்ளோட்’ என்ற பெயரே இல்லை என்று வரும் எரர் அது. அந்தப் பெயர் விரைவில் போகும் என்று 1.20 பதிப்பு 2021 ஜனவரியிலேயே எச்சரித்தது. 2022 டிசம்பரில் வந்த 1.24-ல் அது நீக்கப்பட்டது. 2.0 வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு முடிந்த கதை. 2.0-வில் நீங்கியது வேறு, கீழ்க்கோடு ஒட்டிய ‘ஃப்ளோட்_’. அதை அழைத்தால், இது நீக்கப்பட்டுவிட்டது, பதிலாக ‘ஃப்ளோட்64’ பயன்படுத்துங்கள் என்று எரரே சொல்லிக்கொடுக்கும். இத்தகைய மாற்றங்களைத் தானே திருத்தித் தரும் விதி ஒன்று ‘ரஃப்’ என்னும் கருவியில் வெளிப்படையாகவே இருக்கிறது.

நான்காவது சாட்சிக்கு இந்த வழக்கில் வேலையே இல்லை. இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி, லைப்ரரிகளை இன்ஸ்டால் செய்யும் கருவியான பிப் நின்றுவிடும் எரர், 2023-ல் வந்த டெபியன் 12 போன்ற இயங்குதளங்கள் தங்கள் சொந்தப் பைத்தானைக் காக்க வைத்திருக்கும் வேலி. நம்பை என்றில்லை, எதை இன்ஸ்டால் செய்யப் போனாலும் அது வரும். தனி மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் இன்ஸ்டால் செய்தால் தீர்ந்தது. கட்டுரையாளரோ வேலியைத் தாண்டிக் குதிக்கும் தெரிவைச் சேர்த்து ஓட்டச் சொல்லி வாசகர்களுக்கு அறிவுரை தருகிறார். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் அந்தப் பைத்தானை நம்பி ஓடுகின்றன. இவர் பேச்சைக் கேட்டு அவை படுத்துவிட்டால் அதற்கும் நம்பையைத்தான் குறை சொல்வார் போலும்.

இதில் பெரிய வேடிக்கை, கட்டுரையின் முடிவில் தன் கண்டுபிடிப்பாக அவர் அறிவிக்கும் தீர்வு: நம்பையை 2-க்குக் கீழே இறக்கிவிடுங்கள். அவர் எடுத்துப்போட்ட முதல் எரரின் கடைசி வரிகளில் அச்சாகியிருக்கும் யோசனை அது. நீங்கள் வெறும் பயனராக இருந்தால் 2-க்குக் கீழே இறங்குங்கள், அல்லது பாதிக்கப்பட்ட மாட்யூலைப் புதுப்பியுங்கள் என்று சொல்கிறது அது. முதல் பாதியைத் தனதாக்கிக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். விட்டதுதான் நிரந்தரத் தீர்வு.

சரி, தவறு எங்கே நடந்தது? அவரே காட்டும் தேவைப்பட்டியல் கோப்பில் விடை இருக்கிறது. 2023-ல் வந்த பாண்டாஸ் 2.0-வுக்கு எண் குறித்திருக்கிறார். நம்பைக்கு எண்ணே இல்லை. அந்தப் பழைய பாண்டாஸ் நம்பைக்கு மேல்வரம்பு வைக்கவில்லை. பிப்பும் சொன்னபடி புதிய நம்பையைக் கொண்டுவந்து பழைய பாண்டாஸோடு சேர்த்துவிட்டது. அதே வேளையில் டென்சர்ஃப்ளோ என்னும் லைப்ரரியின் 2.16 பதிப்பு நம்பை 2-க்குக் கீழே என்று வரம்பு வைத்திருந்தது. அதை இன்ஸ்டால் செய்தவருக்குப் பழைய நம்பையே வந்தது. வரம்பு வைக்காத பாண்டாஸுக்கும் இதில் பங்கு உண்டு என்று அவர் எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். பாதியைப் பூட்டிப் பாதியைத் திறந்து வைத்த தன் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாததுதான் இடிக்கிறது.

காசு கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை என்ற வாதத்துக்கு வருவோம். நம்பை 2.0 வந்த அடுத்த மாதம், 2024 ஜூலை 19-ல், கிரவுட்ஸ்டிரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. விமானங்கள் ரத்தாகின. முழுக்க முழுக்கக் காசு கொடுத்து வாங்கிய, மூலநிரல் மூடிய மென்பொருள் அது. 78 நிமிடத்தில் அந்தப் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் விழுந்த கணினிகளில் பலவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் யாரிடமும் அனுமதி கேட்காமலே வந்த புதுப்பிப்பு. நம்பை யார் கணினிக்குள்ளும் தானாக நுழைவதில்லை. நீங்கள் கட்டளை கொடுத்தால்தான் வருகிறது, எந்த எண் என்று சொன்னால் அந்த எண்ணில் வருகிறது. விலைக்கும் உடையாமைக்கும் கட்டுரையாளர் போடும் முடிச்சு அந்த ஒரு நாளிலேயே அவிழ்ந்துவிட்டது.

இனி, எதையும் புதுப்பிக்காதே என்ற உபதேசம். நம்பை 1.26 பைத்தான் 3.12 வரைக்கும்தான், முன்கூட்டியே கம்பைல் செய்த தயார்நிலைக் கோப்புகளைத் தருகிறது. 2024 அக்டோபரில் பைத்தான் 3.13 வந்தது. நம்பையை 2-க்குக் கீழே பூட்டியவர் பைத்தானை மாற்றியதும் பிப் தயார்நிலைக் கோப்பு கிடைக்காமல் மூலநிரலை இறக்கிக் கம்பைல் செய்யப் பார்க்கும். கம்பைலர் இல்லாத கணினியில் அங்கேயே கவிழும். இன்றைய எரருக்கு இவர் தரும் மருந்து நாளைய எரரை உண்டாக்குகிறது. அவசரத்துக்குப் பூட்டுவதில் தவறில்லை. பூட்டிவிட்டுச் சாவியைத் தூக்கி எறிவதுதான் தவறு.

பாதுகாப்பில் இந்த உபதேசம் என்ன விலை கேட்கும் என்பதற்கு அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸின் கதை போதும். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் திறமூல லைப்ரரியின் ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே திருத்தம் வெளியானது. அந்த நிறுவனம் அதைப் போடவில்லை. சுமார் 14.7 கோடிப் பேரின் தனிப்பட்ட விவரங்கள் களவு போயின. தன்னார்வலர்கள் தங்கள் வேலையை முடித்திருந்தார்கள். போடாமல் விட்ட திருத்தம்தான் கதவைத் திறந்து வைத்தது.

நம்பை 2.0-வின் மேல் கேட்க நியாயமான கடும் கேள்விகள் இல்லையா என்றால், இருக்கின்றன. 32 பிட் தசம எண்ணோடு பைத்தானின் சாதாரணத் தசம எண்ணைக் கூட்டினால் முன்பு 64 பிட் விடை வந்தது. இப்போது 32 பிட்டிலேயே நிற்கிறது. விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட்டிலிருந்து 64 ஆகிவிட்டது. இவை எரர் எதையும் காட்டாமல் கணக்கின் துல்லியத்தை மாற்றக்கூடியவை. பழைய ஆய்வு முடிவுகளை மீண்டும் ஓட்டிப் பார்ப்பவருக்கு உண்மையான கவலை இங்கேதான் இருக்கிறது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை. திரையில் சிவப்பாக எதுவும் வராததால் அவர் கண்ணில் படவில்லை.

212 பேர் பதினோரு மாதம் உழைத்து, 1078 திருத்தங்களைச் சேர்த்துக் கொடுத்த பதிப்பு இது. அதைக் குறை சொல்ல அவர்களில் ஒருவராக இருக்க வேண்டியதில்லை, ஒரு பைசா கொடுத்திருக்கவும் வேண்டாம். எரரின் கடைசி வரிவரை படித்திருந்தால் போதும். காசு கொடுக்காதவருக்கும் விமர்சிக்கும் உரிமை உண்டு. படிக்காமல் விமர்சிக்கும் உரிமை காசு கொடுத்தவருக்கும் கிடையாது.