முத்திரையிட்ட மடல்



அஞ்சலட்டையில் எழுதுவதைத் தபால்காரரும் படிக்கலாம்; உறையிலிட்டு ஒட்டியதைப் பெறுபவர் மட்டுமே பிரிப்பார். இன்று சேலத்து நெசவாளரும் நாமக்கல் லாரி ஓட்டுநரும் தம் வீட்டாருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியும் அத்தகைய உறையே. இடையில் எவரும் படிக்க இயலாதவாறு அது குறியீடாக மாற்றப்படுகிறது.

ஒளிக்க ஏதுமில்லாதவனுக்கு உறை எதற்கு எனச் சிலர் வினவுவர். அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒரு லஞ்ச வழக்கில் மத்திய உள்துறை 2011இல் பிறப்பித்த தொலைபேசி ஒட்டுக்கேட்பு ஆணையை, 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்புத் தேவையோ இன்றி, குற்றத்தைத் துப்பறிவதற்காக மட்டும் ஒட்டுக்கேட்கச் சட்டம் இடந்தரவில்லை என்றது. லஞ்சம் கண்டிக்கத்தக்கதே, அதைத் தேடும் வழியும் நேரியதாதல் வேண்டும்.

திருச்சபைக்கு இது புதிதன்று. பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்த அரசு கேட்பினும் குரு வெளியிடலாகாது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 220ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பேணுகிறது.

அரசுக்கு வரம்பு வேண்டும் நாம், இல்லத்தில் என்ன செய்கிறோம்? மனைவியின் கைப்பேசியைக் கணவர் ஐயத்தோடு துழாவுகிறார். மருமகளின் அழைப்புகளை மாமியார் எண்ணுகிறார். சிறுவரைக் கண்காணித்தல் பெற்றோர் கடமை. அதையும் பிள்ளைகள் அறியச் செய்தலே நலம். ஒற்றறியும் வீட்டில் அன்பு தங்காது.

அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தந்தையிடம் செபிக்கச் சொன்னார் ஆண்டவர். பிறருடைய அக்கதவை மதிப்போமாக.