நிற்பவருக்கு எண்ணிக்கை வேண்டாம்

குத்து வாங்கிய வீரர் விழவில்லை. ஆனால் கால் தள்ளாடுகிறது, கை தாழ்ந்துவிட்டது. நடுவர் குறுக்கே புகுந்து, எதிராளியை நடுநிலை மூலைக்கு அனுப்பிவிட்டு, நிற்பவரின் முகத்துக்கு நேரே விரல் காட்டி எட்டு வரை எண்ணுகிறார். தேறிவிட்டதாகத் தெரிந்தால் சண்டை தொடரும். இல்லையென்றால் அத்தோடு முடியும். இதுதான் ‘ஸ்டாண்டிங் கவுண்ட்’. ஒலிம்பிக் குத்துச்சண்டையைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படியில்லை. அமெரிக்க மாநிலக் குத்துச்சண்டை ஆணையங்களின் சங்கம் வகுத்த பொது விதிகள், ஸ்டாண்டிங் கவுண்ட் கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. விழுந்தவர் உடனே எழுந்தாலும் எட்டு வரை எண்ணும் கட்டாய எண்ணிக்கை மட்டும் உண்டு. நிற்பவருக்கும் எண்ணும் முறையை உயிர்காக்கும் ஏற்பாடாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது நல்லெண்ணத்தில் எழும் கோரிக்கை. அதை ஏற்கக் கூடாது.

ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் போட்டி மூன்று சுற்றோடு முடிவது. எண்ணிக்கைகள் வரம்பைத் தாண்டினால் நடுவர் போட்டியையே நிறுத்திவிடுவார். அங்கே எண்ணிக்கை என்பது சண்டையை முடிப்பதற்கான படி. பன்னிரண்டு சுற்று, முப்பத்தாறு நிமிடம் நீளும் தொழில்முறைச் சண்டையில் அதே எண்ணிக்கை, அடிபட்டவரை மேலும் அடிவாங்கத் தயார்செய்யும் இடைவேளையாகிவிடும்.

எட்டு விநாடியில் உடம்பில் என்ன மாறுகிறது என்பதுதான் இந்த விவாதத்தின் மையம். கால் நிலைக்கு வரும், கண் நேராகும், கை மறுபடி முகத்தைக் காக்க உயரும். தலைக்குள் இருப்பது எதுவும் மாறாது. குத்தின் வேகத்தில் தலை சட்டென்று திரும்பும்போது, மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே ஓடும் மெல்லிய சிரைகள் கிழிகின்றன. கசியும் ரத்தம் மூளையை அழுத்த நேரம் பிடிக்கும். அதுவரை வீரர் நிற்பார், பேசுவார், சண்டைக்குத் தயார் என்று தலையாட்டவும் செய்வார். 1982 நவம்பர் 13 அன்று லாஸ் வேகஸில் ரே மான்சினியுடன் மோதிய தென் கொரிய வீரர் கிம் டுக்-கூ, பதினான்காம் சுற்றில் விழுந்தும் கயிற்றைப் பிடித்து எழுந்தார். நடுவர் சண்டையை நிறுத்தினார். சிறிது நேரத்தில் நினைவிழந்த கிம், சில நாட்களில் இறந்துபோனார். எழுந்து நின்றது அவர் தேறியதற்குச் சான்றாக இல்லை. நிற்கும் வீரரை எட்டு விநாடி உற்றுப் பார்த்து ஒரு நடுவர் கண்டுபிடிக்கக்கூடியது மிகக் குறைவு.

எதிர்த்தரப்பின் வலுவான சான்று பென்னி பாரெட். 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், பன்னிரண்டாம் சுற்றில், எமில் கிரிஃபித் அவரை மூலையில் மடக்கினார். கயிறு தாங்கிப் பிடித்ததால் பாரெட்டால் விழக்கூட முடியவில்லை. விழாததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் குத்துகளும் நிற்கவில்லை. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் புகுந்தபோது காலம் கடந்துவிட்டது. பத்து நாள் கழித்து, ஏப்ரல் 3 அன்று, பாரெட் இறந்தார். ஸ்டாண்டிங் கவுண்ட் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்கிறார்கள். அந்தச் சுற்றை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றலாம். ஆனால் அதற்கு நான்கு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, 1961 டிசம்பரில், ஜீன் ஃபுல்மரிடம் பத்தாம் சுற்றில் நாக் அவுட் ஆனவர் அவர். அந்தத் தலையோடு அந்த மூலையில் நின்றவருக்கு எட்டு விநாடி கொடுத்து மறுபடி கிரிஃபித்தின் முன் நிறுத்துவதைக் காப்பாற்றுதல் என்று எப்படிச் சொல்வது? அவருக்குத் தேவைப்பட்டது சில விநாடி முன்னதாக வந்திருக்க வேண்டிய நிறுத்தம்.

கயிற்றின் சிக்கலுக்கு விதியும் ஏற்கெனவே உண்டு. கால்விரல் தரையில் படாமல் கயிற்றில் செயலற்றுத் தொங்குபவர் விழுந்தவராகவே கருதப்படுவார் என்று 1867-ன் குவீன்ஸ்பெரி விதிகளே சொல்லின. கயிறு இல்லாவிட்டால் விழுந்திருப்பார் என்று கண்டால் அதை நாக் டவுனாக எண்ணுவது இன்றும் நடுவர்களின் நடைமுறை. அங்கே எண்ணிக்கை தொடங்குவது வீழ்ச்சியிலிருந்து. வீரர் தடுமாறுகிறார் என்ற ஊகத்திலிருந்து அல்ல.

அந்த ஊகம் புள்ளியையும் தொடுகிறது. ஸ்டாண்டிங் கவுண்ட் இருந்த இடங்களில் அதை நாக் டவுனுக்குச் சமமாக மதிப்பிட்டு, சுற்றை 10-8 என்று கொடுப்பது வழக்கம். விழாத வீரர், நடுவரின் பார்வைக் கணிப்பால் புள்ளி இழக்கிறார். மறுபக்கம், பல சுற்று உழைத்து எதிராளியைத் தளர்த்தியவர், முடிக்கும் தருணத்தில் மூலைக்கு விரட்டப்படுகிறார். இருவருக்கும் இது அநீதி.

இதைவிடப் பெரிய கேடு நடுவரின் மனத்தில் நிகழும். தொடரவிடுவது, நிறுத்துவது என்ற இரண்டே வழி இருக்கும்போது அவர் தீர்மானித்தே ஆக வேண்டும். மூன்றாவது வழி கிடைத்தால், கூட்டத்தின் கூச்சலுக்கும் பட்டத்தின் கனத்துக்கும் அஞ்சும் எவரும் அதில்தான் ஒதுங்குவார். 1990 மார்ச் 17 அன்று ஹூலியோ சீசர் சாவேஸுடன் மோதிய மெல்ட்ரிக் டெய்லர், மூன்று நீதிபதிகளில் இருவரின் அட்டையில் முன்னணியில் இருந்தார். கடைசிச் சுற்றில் விழுந்து எழுந்தவரிடம் நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் சரியா என்று கேட்டார், பதில் இல்லை. இரண்டு விநாடி மிச்சமிருக்க ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். அதற்காக ஆண்டுக்கணக்கில் ஏச்சு வாங்கினார். முகத்தில் எலும்பு முறிந்து, ரத்தத்தை விழுங்கியிருந்த ஒருவருக்கு அந்த இரண்டு விநாடியையும் மறுத்தது சரியான தீர்ப்பு.

மாற்றம் வேண்டுமென்றால் அது நிறுத்தும் பக்கமாகவே வர வேண்டும். முன்கூட்டியே நிறுத்திய நடுவரை ஆணையங்கள் வெளிப்படையாக ஆதரிக்க வேண்டும். சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் மருத்துவர் தயங்காமல் ரிங்குக்குள் ஏற வேண்டும். அண்மையில் நாக் அவுட் ஆனவர்களுக்கான ஓய்வுக்காலத்தைத் தளர்த்தக் கூடாது. வீரரின் மூலையில் நிற்கும் பயிற்சியாளருக்கும் பொறுப்பு உண்டு. 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில், முகமது அலிக்கு எதிராகப் பதினான்கு சுற்று நின்ற ஜோ ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. ஒரே ஒரு சுற்றுதான் மிச்சம். ஃபிரேசியர் மன்றாடியும் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் அவரை எழவிடவில்லை. ஃபிரேசியர் அதன் பிறகு முப்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்தார்.