நாட்டுக்கொரு மனுநீதியா?

"அந்தத் தேசத்தில் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள், நீயும் உழைக்காவிட்டால் தொழில் அங்கே போய்விடும்" என்று இன்று தொழிலாளிக்கு உபதேசம் செய்யப்படுகிறது. உலகம் முழுவதும் ஒரே சந்தையாகி விட்டதாம். நாடுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில் நமக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனால், யாருடைய நன்மைக்காக ஒப்பிடுவது என்பதே நமது கேள்வி.

புதுச்சேரிக்கு இந்த ஒப்பீடு புதிதல்ல. 1919-ம் வருஷத்தில் பிரெஞ்சு சர்க்கார் தன் நாட்டில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் செய்தது. அதே சர்க்காரின் கொடி இங்கும் பறந்தது. கொடி கப்பலேறி வந்தது, கவர்னர் கப்பலேறி வந்தார், சட்டம் மாத்திரம் கப்பலேறவில்லை! 1936 ஜூனில் பிரான்சில் வாரத்திற்கு 40 மணி வேலையும், சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாயின. அடுத்த மாதம் 30-ந் தேதி, எட்டு மணி வேலையும் சங்க உரிமையும் கேட்டு நின்ற புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அதன் பிறகு, 1937-ல்தான் எட்டு மணி வேலைக்கு இங்கே சட்டம் பிறந்தது.

எல்லைக்கு அப்பாலோ வேறு கணக்கு. 1934-ம் வருஷத்துப் பிரிட்டிஷ் இந்தியச் சட்டப்படி வாரத்திற்கு 54 மணி வரை வேலை வாங்கலாம். 48 மணி என்பது 1946-ல்தான் வந்தது. முத்தியால்பேட்டைக்கு ஒரு நியாயம், கூப்பிடு தூரத்திலுள்ள கோட்டக்குப்பத்துக்கு ஒரு நியாயம்! இரண்டு ஊர்க்காரனுக்கும் பசியும் களைப்பும் வேறு வேறா? தலையில் எழுதியது எல்லைக்கோட்டைத் தாண்டினால் மாறிவிடுமா? எழுதியவன் பிரமனல்ல, மனிதன்தான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடும் தொழிற்சாலைகளுக்கு வாரம் 48 மணி என்று பொதுவிதி செய்துவிட்டு, ஜப்பானுக்கு 57 என்றும், இந்தியாவுக்கு 60 என்றும் விலக்குக் கொடுத்தது. வருணத்துக்கொரு நீதி சொன்ன மனுவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தேசங்களுக்குள்ளும் ஒரு வருணாசிரமம் என்பதைத் தவிர வேறென்ன?

அந்த வருணாசிரமம் இன்னும் ஒழியவில்லை. பிரான்சில் இன்று சட்டப்படி வாரத்திற்கு 35 மணி, நமக்கு 48. அதையும் நீட்டவே பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் சென்னைச் சட்டசபையில் பன்னிரண்டு மணி வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. வெளிநாட்டு மூலதனம் வரவேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். தொழிற்சங்கங்கள் கிளர்ந்து எழுந்த பிறகு, மே முதல் தேதி அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. வாரக் கணக்கு 48-ஐத் தாண்டாது என்று அப்போது சமாதானம் சொன்னார்கள். நான்கு நாள் முறிந்த முதுகு மூன்று நாளில் நிமிர்ந்துவிடுமா என்று கேட்கின்றோம்.

"ஏழை நாடு தாங்குமா?" என்பார்கள். எட்டு மணி வந்ததால் புதுச்சேரி ஆலைகள் மறுநாளே மூடிப் போயினவா? அதன் பின்னும் பல பத்து வருஷங்கள் ஓடவில்லையா? மூலதனத்திற்கு எல்லை கிடையாது, சரக்குக்கு எல்லை கிடையாது, தொழிலாளியின் உரிமைக்கு மட்டும் சுங்கச் சாவடியா?

ஆகவே தோழர்களே! எவனாவது வந்து "அந்த நாட்டைப் பார்" என்றால் தாராளமாய்ப் பாருங்கள். ஆனால், அதிகமாய் உழைக்கும் நாட்டை மாத்திரமல்ல, குறைவாய் உழைத்தும் நன்றாய் வாழும் நாட்டையும் பாருங்கள். பார்த்துவிட்டு, "அங்கே ஆகும்போது இங்கே ஏன் ஆகாது?" என்று திருப்பிக் கேளுங்கள். 1936-ல் புதுச்சேரித் தொழிலாளி கேட்டதும் இதைத்தான். அன்று அவன் கேட்டிராவிட்டால் எட்டு மணி தானாக வந்திராது. இன்று நாம் கேட்காவிட்டால் அது தங்கவும் தங்காது.