மடிப்பில் பிழையில்லை

உயிர்வேதியியல் வகுப்புகளில் ஒரு வாக்கியம் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டு வருகிறது: அரிவாள் அணு நோய் என்பது ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் புரதம் தவறாக மடிந்து உண்டாகும் நோய். கொல்லங்கோட்டிலிருந்து சித்தூருக்கும் பாலக்காட்டுக்கும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் கல்லூரி செல்லும் மாணவர் பலர் இவ்வாக்கியத்தை ஏதேனும் ஒரு விடைத்தாளில் எழுதியிருப்பர், மதிப்பெண்ணும் பெற்றிருப்பர். இதன் முற்பாதி மெய். பிற்பாதி பொய்.

இது பாடநூற்பிழையாக மட்டும் நின்றிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். ஆனால் இப்பிழைக்கு அடியில் இருக்கும் நம்பிக்கை வகுப்பறையைத் தாண்டிச் சென்றுவிட்டது. நோய் முழுவதும் மரபணுவில் எழுதப்பட்டுவிட்டது, எனவே அந்த மரபணு அடுத்த தலைமுறைக்குச் செல்லாமல் தடுப்பதே அறிவியல் என்பது அந்நம்பிக்கை. இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடி ஊர்களில் அது அட்டையாக அச்சிடப்பட்டு விநியோகிக்கப்படுகிறது. புரத அறிவியலைப் படித்தவர்கள் இதைக் கண்டும் வாளாவிருப்பது தகாது. ஏனெனில் அவர்கள் படித்த அறிவியல் சொல்வது இதுவன்று.

முதலில் மூலக்கூறு. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதைக் காட்டி, இதனை மூலக்கூறு நோய் என்று அழைத்தனர். 1957க்குள் வெர்னன் இங்கிராம் வேறுபாட்டின் இடத்தையே கண்டறிந்தார். 146 அமினோ அமிலங்கள் கொண்ட பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலைன் அமர்ந்திருந்தது. ஒரு நோயின் காரணம் ஒரு புரதத்தின் ஒரே இடம்வரை துலக்கப்பட்டது வரலாற்றில் அதுவே முதன்முறை.

அந்த வேலைன் புரதத்தின் மடிப்பைக் கெடுக்கிறதா? இல்லை. அது அமர்ந்திருப்பது புரதத்தின் உட்புறத்தில் அன்று, மேற்பரப்பில். சங்கிலி வழக்கம்போலவே மடிகிறது. இரண்டு ஆல்ஃபாவும் இரண்டு பீட்டாவும் வழக்கம்போலவே சேர்கின்றன. நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்று, திசுக்களில் விடும் வேலையையும் அது செய்கிறது. தொல்லை தொடங்குவது ஆக்சிஜனை விட்ட பிறகுதான். அந்நிலையில் ஹீமோகுளோபினின் வடிவம் சற்றே மாற, ஒரு மூலக்கூறின் வேலைன் அண்டை மூலக்கூறின் நீர்வெறுப்புக் குழியொன்றில் பொருந்திக்கொள்கிறது. இவ்வாறு ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட மூலக்கூறுகள் நாரிழையாக நீண்டு சிவப்பணுவை உள்ளிருந்து வளைக்கின்றன. ஆகவே இது தவறாக மடிந்த புரதத்தின் கதையன்று. சரியாக மடிந்த புரதம், ஒரு குறிப்பிட்ட சூழலில், தன்னைப் போன்ற பிறவற்றோடு ஒட்டிக்கொள்ளும் கதை.

சூழலில் என்னும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஆக்சிஜன் நீங்கியவுடன் நாரிழை தோன்றிவிடுவதில்லை. ஒரு தாமதக் காலம் உண்டு. அத்தாமதம் அணுவினுள் இருக்கும் ஹீமோகுளோபினின் செறிவை ஏறத்தாழ முப்பதாம் அடுக்கு அளவுக்குச் சார்ந்திருக்கிறது என்பதை ஹாஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் ஆகியோர் 1974இல் காட்டினர். உடலில் நீர் சற்றுக் குறைந்து அணு சற்றுச் சுருங்கினாலும் தாமதம் பன்மடங்கு குறுகிவிடும் என்பது இதன் பொருள். தாமதம் நீண்டிருந்தால் அணு நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பித் தப்பிவிடும். குறுகினால் குழாயிலேயே விறைத்து அடைத்துக்கொள்ளும். எலும்பைத் துளைக்கும் வலி தொடங்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் நீரின்றி உழைத்தல், குளிர், நோய்த்தொற்று ஆகியவை அந்த வலியைத் தூண்டுவதன் காரணம் இதனோடு சேர்ந்ததே.

இன்னொரு காரணியும் உண்டு. கருவிலிருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு. அதன் காமா சங்கிலி நாரிழையில் சேர்வதில்லை. பிறந்த குழந்தைகளின் அணுக்கள் அவ்வளவாக வளைவதில்லை என்பதை ஜேனட் வாட்சன் 1948இலேயே கவனித்தார். பிறந்த சில மாதங்களில் காமா மரபணு அடங்கிப் பீட்டா மரபணு எழுகிறது. அந்த அடக்கத்தை நடத்தும் முதன்மைப் புரதங்களுள் ஒன்று பிசிஎல்11ஏ என்பது 2008இல் தெரியவந்தது. ஹைட்ராக்ஸியூரியா என்னும் பழைய, மலிவான மாத்திரை கரு ஹீமோகுளோபினை மீண்டும் உயர்த்துகிறது. வலி நெருக்கடிகளைக் குறைக்கிறது என்று 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. ஒரே பிறழ்வைச் சுமக்கும் இருவரில் ஒருவர் அறுபது வயதுவரை வாழ்வதற்கும் மற்றவர் ஆறு வயதில் இறப்பதற்கும் இடையிலான வேறுபாடு இத்தகைய ஒழுங்குமுறைகளிலும், அவற்றுக்குத் துணைநிற்கும் அல்லது நிற்காத மருத்துவத்திலும் இருக்கிறது.

புரத மடிப்புச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று கொண்டாடும் காலம் இது. 2024ஆம் ஆண்டின் வேதியியல் நொபேல் பரிசில் ஒரு பாதி டேவிட் பேக்கருக்கும், மறுபாதி ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் சென்றது. 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் கணிக்கப்பட்ட வடிவங்கள் இன்று எவரும் திறந்து பார்க்கும்படி கிடைக்கின்றன. மகத்தான சாதனைதான், ஐயமில்லை. ஆனால் அரிவாள் அணு நோய்க்குரிய பீட்டா சங்கிலியின் தனி வடிவம் இயல்பான சங்கிலியின் வடிவத்தை ஏறக்குறைய அப்படியே ஒத்திருக்கும். வடிவத்தை மட்டும் உற்றுநோக்கும் கண்ணுக்கு அங்கே நோய் தென்படாது. வடிவம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், புரத அறிவியலின் பாதியை மறைத்துவிடுகிறார்.

இந்தப் பாதியறிவின் விலையைக் கொடுப்பவர்கள் யார்? பாலக்காட்டு மாவட்டத்தின் தென்கிழக்கில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் கொல்லங்கோடு இருக்கிறது. 2023இல் சமூக ஊடகங்களில் சுற்றிய அழகிய ஊர்ப் பட்டியலொன்றில் இடம்பெற்றது முதல், வயலையும் மலையையும் படமெடுக்க வருவோர் அங்கே பெருகிவிட்டனர். அதே மாவட்டத்தின் வடகிழக்கில், கணவாய்க்கு அப்பால், இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் அட்டப்பாடி இருக்கிறது. அரிவாள் அணு நோய் அங்கே புதிதன்று. அதை ஒட்டியுள்ள நீலகிரியின் பழங்குடிகளிடம் இந்த ஹீமோகுளோபின் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே அறிவித்தனர். இங்கிராம் அந்த ஒரே அமினோ அமிலத்தைக் கண்டுபிடிப்பதற்கும் முந்திய செய்தி இது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த மலைகளில் பிறக்கும் குழந்தைகளுள் யாருக்கு இந்நோய் என்பதைப் பிறந்த வாரத்திலேயே அறிந்து மருந்து தொடங்கும் வழக்கம் வேரூன்றவில்லை.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அரிவாள் அணு இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பன அதன் இலக்குகள். திட்ட ஆவணங்களில் சிகிச்சையும் இடம்பெறாமல் இல்லை. ஆனால் செய்திக்குறிப்புகள் முன்னிறுத்துவது எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர், எத்தனை அட்டைகள் வழங்கப்பட்டன என்னும் கணக்கை. அட்டையின் பயனாகச் சொல்லப்படுவதோ, திருமணத்திற்கு முன் பொருத்தம் பார்ப்பது. ஒழிப்பு என்னும் சொல் பெரியம்மைக்குப் பொருந்தும். அங்கே அழிக்கப்பட்டது கிருமி. இங்கே அழிக்க வேண்டிய கிருமி எதுவுமில்லை. மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். நோயாளி பிறக்காமற்போவதையே வெற்றியாக எண்ணும் திட்டம், பிறந்துவிட்ட நோயாளியைத் தோல்வியாகவே எண்ணும்.

இது மிகைக் கூற்று என்பார் வரலாற்றைப் பார்க்கட்டும். மூலக்கூறு நோய் என்று பெயரிட்ட அதே பாலிங், இந்த மரபணுவைச் சுமக்கும் இளைஞர்களின் நெற்றியில் பச்சை குத்திவிட வேண்டும் என்று 1968இல் எழுதினார். இருமுறை நொபேல் பெற்ற, அமைதிக்காகப் போராடிய மனிதர் அவர். அவருடைய உள்நோக்கத்தில் குறையில்லை. நோய் முழுவதையும் மூலக்கூறில் கண்ட பார்வை அவரை அங்கே கொண்டுசென்று நிறுத்தியது. கிரேக்க நாட்டின் ஆர்கோமெனோஸ் பகுதியில் 1970களில் எல்லோருக்கும் சோதனை செய்து, பொருத்தம் பார்த்து மணமுடிக்க அறிவுறுத்தினர். மரபணுவைச் சுமப்போர் களங்கப்பட்டனர். நிலையை மறைத்தே பலர் மணந்தனர். சுமப்போர் இருவர் இணைந்த மணங்களும் குறையவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில், நோயே இல்லாத சுமப்போர் வேலையையும் காப்பீட்டையும் இழந்தனர். சுமப்பவரின் சிவப்பணுவில் பாதிக்கு மேல் இயல்பான ஹீமோகுளோபின் இருக்கிறது. நாரிழை எளிதில் உருவாக அது விடாது. அவர் நோயாளி அல்லர் என்பது அணுவின் ஒழுங்கே தரும் தீர்ப்பு. அட்டை அந்தத் தீர்ப்பை ஊராருக்கு எடுத்துச் சொல்வதில்லை.

வேறு வழியும் உண்டு என்பதை ஒரு சிறு தீவு காட்டியது. ஜமைக்காவில் 1973 முதல் 1981 வரை ஒரு லட்சம் குழந்தைகளைப் பிறந்தவுடன் சோதித்து, நோயுள்ளவர்களைத் தொடர்ந்து கவனித்தனர். மண்ணீரல் திடீரென வீங்கி இரத்தத்தைத் தேக்கிக்கொள்வதால் குழந்தைகள் இறந்தனர். கிரஹாம் சார்ஜன்ட்டும் உடன் பணியாற்றியோரும் தாய்மாருக்கு ஒன்றைக் கற்பித்தனர்: குழந்தையின் வயிற்றை நாள்தோறும் தொட்டுப்பார்த்து மண்ணீரல் பெரிதாகிறதா என்று அறிவது, பெரிதானால் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது. அம்மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நாள்தோறும் கொடுக்கும் பெனிசிலின் உயிர்கொல்லும் நிமோகாக்கஸ் தொற்றை 84 விழுக்காடு குறைப்பதை 1986இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தாயின் கை, பெனிசிலின், ஃபோலிக் அமிலம், குடிநீர், ஹைட்ராக்ஸியூரியா: இவற்றுள் எதுவும் நாட்டுக்கு எட்டாத பொருளன்று.

இங்கே இரு மறுப்புகள் எழும். முதலாவது, இந்தியரிடம் காணப்படும் மரபுவகையில் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதால் நோய் மென்மையானது என்பது. சராசரி உயர்வு உண்மையே. ஆயினும் கடுமையான வலிக்கும் தொற்றுக்கும் ஆளாகும் குழந்தைகள் இங்கும் ஏராளம் என்பதை மகாராட்டிரத்திலும் குஜராத்திலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மென்மை என்னும் சொல் புறக்கணிப்புக்குக் கிடைத்த நல்ல சாக்கு. இரண்டாவது, மரபணுத் திருத்தம் வந்துவிட்டதே என்பது. பிசிஎல்11ஏயின் அடக்கத்தைத் தளர்த்தும் காஸ்ஜெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். மாத்திரையே தவறாமல் சென்றுசேராத ஊருக்கு இதனை விடையாகக் காட்டுவது நேர்மையாகாது.

சோதனையே வேண்டாம் என்பது வாதமன்று. சோதனை எதற்கான வாயில் என்பதே கேள்வி. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து எடுக்கும் ஒரு துளி இரத்தம் மருந்துக்கு இட்டுச் செல்ல வேண்டும், மணமேடைக்கு அன்று. அம்மருந்து எல்லைக் கோட்டில் நின்றுவிடவும் கூடாது. ஆனைகட்டியில் ஊரே இரு மாநிலங்களாகப் பிரிந்து கிடக்கிறது; அட்டப்பாடியின் நோயாளி கோவைக்கு இறங்குகிறார். கொல்லங்கோட்டை அடுத்த முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த பரம்பிக்குளத்து மக்கள் தம் ஊராட்சி அலுவலகத்துக்கு வரவே நெடுங்காலமாகத் தமிழ்நாட்டைச் சுற்றி வந்தவர்கள். ஒரே குடியின் உறவினர் இருபுறமும் வாழ, கேரளத்தின் பதிவேடு தமிழ்நாட்டு மருத்துவருக்குத் தெரியாமலும், தமிழ்நாட்டின் மருந்துச்சீட்டு கேரளத்து மருந்தகத்தில் செல்லாமலும் இருந்தால் தொடர் சிகிச்சை எப்படி நடக்கும்? இரு மாநிலங்களுக்கும் பொதுவான பதிவேடும், மலையூர் சுகாதார நிலையங்களில் இடையறாத ஹைட்ராக்ஸியூரியா, பெனிசிலின் இருப்பும், தமிழிலும் மலையாளத்திலும் இருளர் மொழியிலும் தாய்மாருக்குப் பயிற்சியும் கேட்கப்பட வேண்டியவை.

கேட்க வேண்டியவர்களுள் முதல் வரிசையில் நிற்க வேண்டியவர்கள் புரத அறிவியலைக் கற்பிப்போரும் கற்போரும். அடுத்த பருவத்தில் அரிவாள் அணு நோயைப் பாடமாக எடுக்கும் ஆசிரியர், ஆறாம் இடத்து வேலைனோடு பாடத்தை முடிக்காமல் தாமதக் காலத்தின் சமன்பாட்டையும் கரும்பலகையில் எழுதட்டும். அதன் அருகிலேயே, காய்ச்சல் கண்ட ஒரு குழந்தையை அகளியிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் எழுதட்டும். இரண்டும் ஒரே நோயின் பாடம்.