கணக்கில் வராதவள்

கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். ஆனாலும் பேசியே ஆகணும். காம உந்துதலை அடக்க முடியாமல் வேலை, குடும்பம் எல்லாம் சீரழிகிற நிலையை ஒரு கோளாறு என்று சொல்கிறது, 2022-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல். நல்லது. வைத்தியம்?

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் கூட்டிப் பார்த்துத்தான் பழக்கம். நீங்களும் கூட்டுங்க. 2006-ல் அமெரிக்காவில் சிட்டலோப்ராம் மாத்திரையைச் சோதித்தது 28 பேரிடம். ஸ்வீடனில் 2019-ல் குழு உளவியல் சிகிச்சை, 137 பேர். அங்கேயே 2020-ல் நால்ட்ரெக்ஸோன், 20 பேர். போலந்தில் 2022-ல் அதே மருந்தோடு பராக்ஸெடின், 73 பேர். மொத்தம் 258. அத்தனை பேரும் ஆண்கள்!

‘பெண்களுக்கு இது குறைவு சார்’ என்பார்கள். குறைவு என்றால் இல்லை என்றா அர்த்தம்? நோய்ப் பட்டியலில் ஆண், பெண் பேதமே கிடையாதே! அவனுக்கு வந்தால் வியாதி, அவளுக்கு வந்தால் நடத்தை சரியில்லை. இந்தப் பேச்சுக்குப் பயந்தே அவள் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை. ஏறாததால் எண்ணிக்கையில் இல்லை. எண்ணிக்கையில் இல்லாததால் ஆராய்ச்சியிலும் இல்லை.

நாளைக்கு அவள் துணிந்து வந்து நின்றால், ‘இந்த வியாதிக்கு இந்த மாத்திரையை எத்தனை பெண்களிடம் சோதித்தீர்கள்?’ என்று கேட்பாள். டாக்டர், பதிலைத் தயாராக வைத்திருங்கள்.